கூடவே ஒரு பூணூல்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று எங்கள் வலியசாலை அக்கிரகாரத்தில் எல்லோருக்கும் தெரியும். சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். ஏன் வந்தது என்று ஒருத்தரும் கேட்டதில்லை. அன்றைக்குத் தெருவார் விசேஷம் நடத்துகிற சமூக மடத்தில் அத்தனை பேர் நடுவில் நான் போட்ட சத்தத்தைப் பற்றி இன்னும் தெருவில் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பேசட்டும். நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் கைலாஷ், பதினொரு வயது. இளையவன் கௌசிக், ஒன்பது வயது. இருவரும் மாசியில் பிறந்தவர்கள். மூத்தவன் அவிட்டம், இளையவன் ரேவதி. நட்சத்திரம் பார்த்துப் பிறந்தநாள் கொண்டாடுகிற வீடு எங்களுடையது. அவிட்டத்துக்கும் ரேவதிக்கும் பெரும்பாலும் நாலே நாள்தான் இடைவெளி. கௌசிக்கின் முதல் பிறந்தநாளுக்கே என் நாத்தனார் பத்மஜா தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"நாலு நாளுக்குள்ள ரெண்டு பாயசமா? அவிட்டத்தன்னிக்கே சேர்த்துப் பண்ணிடலாம், கேட்டியா ராஜி."

அன்றிலிருந்து கைலாஷின் பிறந்தநாளும் கைலாஷின் நாளில்தான், கௌசிக்கின் பிறந்தநாளும் கைலாஷின் நாளில்தான். ரேவதியன்று நான் மட்டும் இளையவனைக் கையில் பிடித்துக்கொண்டு கோவிலுக்குப் போய் அவன் பேருக்கு ஒரு அர்ச்சனை செய்துவிட்டு ஆபீசுக்கு ஓடுவேன். அவனுடைய அப்பா ஒரு தடவைகூடக் கூட வந்ததில்லை. "அன்னிக்கே கொண்டாடியாச்சே" என்பார்.

முதல் சோறு ஊட்டினதும் அப்படித்தான். விஜயதசமியன்று மூத்தவனை அரிசியில் எழுத வைக்கக் கோவிலுக்குப் போனோம். வந்தது வந்தோம், கூடவே இளையவனுக்கும் வாயில் ரெண்டு பருக்கை வைத்துவிடலாம் என்றார்கள். அந்தப் போட்டோவில் அரிசித் தட்டும் கைலாஷும் நடுவில் இருக்கிறார்கள். ஓரத்தில் யாருடைய கையிலோ ஒரு குழந்தையின் கால் தெரிகிறது. அந்தக் கால்தான் கௌசிக்.

அண்ணாவின் சட்டை, அண்ணாவின் பை, அண்ணாவின் சைக்கிள் தம்பிக்கு வருவதற்கெல்லாம் கோபப்பட நான் பைத்தியமில்லை. எல்லா வீட்டிலும் நடப்பதுதான். சட்டை இறங்கி வரலாம். நாள் இறங்கி வரக் கூடாது.

என் கணவர் சுப்பு நல்லவர். கெட்டவராக இருந்தால் சண்டை போடச் சுலபமாக இருக்கும். அவர் அந்த வீட்டுக்கு ஒரே பிள்ளை. பத்மஜா தலைச்சன். ஒருத்திக்கு மூத்தவள் என்கிற அதிகாரம், ஒருத்தருக்கு ஒரே ஆண்பிள்ளை என்கிற செல்லம். இன்னொருவருக்குப் பின்னால் நிற்பது எப்படி இருக்கும் என்று இருவருக்கும் தெரியாது. நான் மூன்று பெண்களில் நடு. என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் என் அம்மா முதலில் அக்கா பெயரையும் அப்புறம் தங்கை பெயரையும் சொல்லிவிட்டுத்தான் என் பெயருக்கு வருவாள். எனக்குத் தெரியும்.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவராகத்தில் இருக்கும் தன் வீட்டிலிருந்து பத்மஜா வந்தாள். காப்பி ஆறுவதற்குள் விஷயத்தைப் போட்டு உடைத்தாள்.

"கைலாஷுக்கு இந்த வைகாசியில பூணூலைப் போட்டுடணும் சுப்பு. கூடவே கௌசிக்குக்கும் போட்டுடலாம். பதினொண்ணு, ஒன்பது, ரெண்டும் ஒத்தைப்படை வயசு. பகவானே சேர்த்து வெச்சிருக்கார். ஒரே பந்தல், ஒரே சமையல்."

"அதுவும் செரிதான்" என்றார் சுப்பு.

"எது செரி?" என்றேன். "ரெண்டு வருஷம் கழிச்சு அவனுக்கும் பதினொண்ணு ஆகும். அப்போவும் ஒத்தைப்படைதான்."

"ரெண்டு வருஷம் கழிச்சு இவ்வளவு பேரையும் மறுபடி யார் கூப்பிடறது? பின்னே, நம்ம பெரியப்பா பிள்ளை ஹரிகுமார் புனேலேர்ந்து வரான். அவனும் அவன் ஆம்படையாளும் கௌசிக்குக்கு உக்காந்துப்பா."

அது என்ன ஏற்பாடு என்று எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. ஒரே முகூர்த்தத்தில் ஒரே அப்பா இரண்டு பிள்ளைகளுக்கு உபநயனம் செய்து வைக்க முடியாதாம். மூத்தவனுக்கு சுப்புவும் நானும். இளையவனுக்குப் பங்காளி முறையில் யாராவது தம்பதி. பூணூல் கல்யாணத்தில் உயிரான இடம் ஒன்று உண்டு. அப்பா, அம்மா, பிள்ளை மூன்று பேரையும் ஒரு பட்டால் மூடிவிடுவார்கள். அந்த இருட்டுக்குள் அப்பா பிள்ளையின் காதில் மந்திரத்தைச் சொல்லுவார். அதைத்தான் பிள்ளை சாகும்வரை சொல்ல வேண்டும். என் இளைய பிள்ளை அந்தப் பட்டுக்குள், இரண்டே தடவை பார்த்த பெரியப்பாவோடும், பெயரைக்கூட அவன் மறந்துபோன ஒரு பெரியம்மாவோடும் உட்கார வேண்டும். நான் பக்கத்து மணையில், இன்னொரு பட்டுக்குள் இருப்பேன்.

"என் பிள்ளைக்கு இன்னொருத்தி அம்மாவா உக்காரணுமா? நான் செத்தா போயிட்டேன்?" என்று கத்தினேன்.

"அபசகுனமாப் பேசாதே" என்றாள் பத்மஜா. "ஊர்ல நடக்காததா? குழந்தைக்கு என்ன தெரியப்போறது?"

இரண்டு வாரம் நான் பிடி கொடுக்கவில்லை. சுப்புவுக்குச் சாதம் போடும்போதெல்லாம் கரண்டி பாத்திரத்தில் பலமாகவே பட்டது. கடைசியில் அவர் ஒரு வேலை செய்தார். கௌசிக்கைக் கூப்பிட்டு என் முன்னாலேயே கேட்டார்.

"கௌசி, உனக்கும் அண்ணாவோட சேர்த்துப் பூணூல் போட்டா போதுமா? ஹரிகுமார் பெரியப்பா உனக்கு மந்திரம் சொல்லித் தருவார்."

கௌசிக் எதையோ தின்றுகொண்டிருந்தான். "கொழப்பமில்ல அப்பா" என்றான். உடனே பெரியப்பா மாதிரி ஹிந்தி கலந்த தமிழில் ஒரு மந்திரம் சொல்லிக் காட்டினான். சுப்பு விழுந்து விழுந்து சிரித்தார்.

இந்தக் 'கொழப்பமில்ல' மலையாளத்திலிருந்து வந்து எங்கள் வீட்டில் குடியேறிய சொல். எல்லோரும் சொல்வோம். ஆனால் கௌசிக்குக்கு வேறு பதிலே கிடையாது. சாம்பார் தீர்ந்துபோனாலும் கொழப்பமில்ல. ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு அவனுடைய அப்பா வரவில்லை என்றாலும் கொழப்பமில்ல. கைலாஷ் அப்படியல்ல. தனக்கு வேண்டியதைக் கேட்பான், கிடைக்காவிட்டால் முகத்தைத் தூக்குவான். இவன் கேட்கவே மாட்டான், சிரிக்க வைப்பான். அதனால் எல்லோரும் இவனைச் சமர்த்து என்றார்கள். கேட்டாலும் கிடைக்காது என்று ஒரு குழந்தைக்குத் தெரிந்துவிட்டால் அதற்குப் பெயர் சமர்த்து.

பிள்ளையின் வாயாலேயே சொல்ல வைத்து என் வாயை அடைத்துவிட்டார்கள். சரி, எக்கேடும் கெட்டுப் போங்கள் என்று விட்டேன். வாத்தியாரிடம் முகூர்த்தம் பார்க்கப் பத்மஜா கிளம்பியபோது இரண்டு பேருடைய நட்சத்திரத்தையும் தெளிவாகச் சொல்லி அனுப்பினேன். வைகாசியில் சுவாதி நட்சத்திரத்தன்று நாள் குறித்துக்கொண்டு வந்தாள்.

அந்த நாளும் வந்தது. தெருக்கோடியில் சமூக மடத்தில் பந்தல். காலையிலேயே புழுக்கம் ஆளைக் கொன்றது. ஒரு பக்கம் எங்கள் மணை, அதன் பக்கத்தில் ஹரிகுமாரின் மணை. இரண்டு பிள்ளைகளுக்கும் புது வேஷ்டி. கௌசிக்கின் வேஷ்டி நிற்கவில்லை. அந்தப் பெரியம்மா, பாவம், ஊக்கைத் தேடிக்கொண்டிருந்தாள். அவள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவளை அங்கே உட்கார வைத்தவர்கள்மேல்தான்.

வாத்தியார் சங்கல்பத்தை ஆரம்பித்தார். சுப்பு கேட்பதற்கு முன்பே சொன்னார்: "அவிட்டம், மகர ராசி." கணீரென்று சொன்னார். வாத்தியார் அடுத்த மணைப் பக்கம் திரும்பினார்.

"இந்தப் பையன் நட்சத்திரம்?"

ஹரிகுமார் சுப்புவைப் பார்த்தார். அவர்மேல் குற்றமில்லை, அவருக்கு எப்படித் தெரியும்? நான் உடனே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பெற்ற அப்பா சொல்கிறாரா பார்ப்போம் என்று இருந்தேன்.

"கௌசிக்தானே..." என்று சுப்பு இழுத்தார். "மாசி... பூரட்டாதி. இல்லையாக்கா?"

தாம்பாளத்தோடு நின்றிருந்த பத்மஜா, "உத்திரட்டாதின்னு ஞாபகம்" என்றாள்.

ஒன்பது வருஷம். ஏதோ ஏலத்தில் கேட்கிற மாதிரி ஆளுக்கு ஒரு நட்சத்திரம் சொன்னார்கள்.

"ரேவதி" என்றேன். "மீன ராசி."

வாத்தியாரின் கை அப்படியே நின்றது. "மீனமா?" என்று விரல்களைக் கணுக்கணுவாக எண்ணிப் பார்த்தார். "இன்னிக்கு சுவாதி. சந்திரன் துலாத்துல இருக்கார். மீனத்துக்குச் சந்திராஷ்டமம்னா இன்னிக்கு! தாரையும் சரியில்லை. என்கிட்ட ஒரு நட்சத்திரம்தானே தந்தா? அவிட்டத்துக்குத்தான் நான் நாள் பார்த்தேன்."

எல்லோரும் பத்மஜாவைப் பார்த்தார்கள்.

"மூத்தவனுக்குப் பார்த்தா போதாதா?" என்றாள் அவள். "இளையவனுக்குக் கூடவேதானே பண்றோம்?"

எனக்குச் சந்திராஷ்டமத்தில் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் பத்மஜாவுக்கு உண்டு. தன் ராசிக்குச் சந்திராஷ்டமம் என்றால் அன்று புது விளக்குமாறுகூட வாங்க மாட்டாள். டாக்டரிடம் குறித்து வைத்த நாளையே மாற்றியிருக்கிறாள். தன் பெண்ணின் கல்யாணத்துக்கு மூன்று ஜோசியர்களிடம் ஏறி இறங்கினவள். அப்படி உயிரைக் கொடுத்து நம்புகிற ஒன்றை என் இளைய பிள்ளைக்காக ஒரு தடவை, ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்க்கவில்லை. என் ரத்தம் கொதித்ததற்குக் காரணம் சந்திரன் இல்லை.

சுப்பு வாத்தியாரிடம் குரலைத் தாழ்த்தினார். "ஏதாவது பரிகாரம் பண்ணிண்டு நடத்த முடியாதா? இவ்வளவு பேர் வந்தாச்சே."

வாத்தியார் தலையைச் சொறிந்தார். அப்போதுதான் கௌசிக் பேசினான்.

"வாத்யார் மாமா, அண்ணா நட்சத்திரத்தையே எனக்கும் சொல்லிடுங்கோ. கொழப்பமில்ல."

பந்தலே சிரித்தது. "சமர்த்துடா" என்று யாரோ சொன்னார்கள். "பாரு, குழந்தைக்கு இருக்கற விவேகம் நமக்கு இல்லை" என்றாள் பத்மஜா. சுப்புவும் சிரித்தார். அவர் சிரித்ததைப் பார்த்ததும் நான் மணையைவிட்டு எழுந்துவிட்டேன்.

"நிறுத்துங்கோ" என்றேன். நாதஸ்வரக்காரர் என்ன நினைத்தாரோ, அவரும் நிறுத்திவிட்டார். "எதுக்குச் சிரிக்கறேள்? பெத்த பிள்ளை தன் நட்சத்திரம் வேண்டாம், அண்ணாவோடது போறும்கறான். நாளும் அண்ணாவோடது, பாயசமும் அண்ணாவோடது, இப்போ அவன் பொறந்த நேரத்தையும் கழட்டிக் கொடுத்துட்டு நிக்கறான். அதைக் கேட்டு உங்களுக்குச் சிரிப்பு வரதா? அப்பாவும் அம்மாவும் குத்துக்கல்லாட்டம் பக்கத்துல இருக்கறச்சே அவனுக்கு வாடகைக்கு அப்பா, வாடகைக்கு அம்மா!"

"ராஜி, எல்லாரும் பார்க்கறா" என்றார் சுப்பு.

"பார்க்கட்டும்! ஒன்பது வருஷமா நீங்கோ பார்க்கலையே, அவாளாவது பார்க்கட்டும்!" அந்த மணைக்குப் போய்க் கௌசிக்கைக் கையைப் பிடித்து எழுப்பினேன். "இவனுக்கு இன்னிக்குப் பூணூல் கிடையாது. இவன் அப்பாவுக்கு என்னிக்கு இவன் யாருன்னு தெரியறதோ அன்னிக்குத்தான்."

பத்மஜா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். "அக்கா, நீங்கோ பேசவே பேசாதேங்கோ" என்றேன். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவளிடம் நான் அப்படிப் பேசியதில்லை. அவள் தாம்பாளத்தோடு அப்படியே நின்றாள்.

என் புடவைத் தலைப்பை யாரோ இழுத்தார்கள். கைலாஷ். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"அம்மா, அப்போ எனக்கும் இல்லையா?"

அவனை ஒரு நிமிஷம் மறந்தே போயிருந்தேன். குனிந்து அவன் முகத்தைக் கையில் ஏந்திக்கொண்டேன். "உனக்கு உண்டுடா. இன்னிக்கு நாள் முழுக்க உன்னோடதுதான். பாதி இல்லை. நான் உன் பக்கத்துலதான் இருப்பேன்."

"கௌசி மந்திரத்தைத் தப்பா சொன்னா நான்தான் திருத்தணும்னு அத்தை சொன்னா. மூத்தவன் நான்தான் பொறுப்புன்னா. இனி அது வேண்டாம் இல்லையா?"

"வேண்டாம். நீ உன்னோடதை மட்டும் சொல்லு."

அப்போதுதான் பிள்ளைக்கு மூச்சே வந்தது. இவனையும்தான் என்ன பாடு படுத்தியிருக்கிறார்கள்! ஒருத்தனுக்கு நாளைக் கொடுத்து முதுகில் தம்பியை ஏற்றினார்கள். இன்னொருத்தனுக்கு ஒரு நாள்கூடக் கொடுக்கவில்லை.

முகூர்த்தத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது, பத்து நிமிஷம் பொறுக்கலாம் என்றார் வாத்தியார். திரும்பிப் பார்த்தால் கௌசிக்கைக் காணவில்லை. சமையல்கட்டுக்குப் பின்னால், பூசணிக்காயும் வாழைத்தாரும் குவித்து வைத்திருந்த இடத்தில் உட்கார்ந்திருந்தான். புது வேஷ்டியை அவிழ்த்துச் சுருட்டி மூலையில் எறிந்திருந்தான். வெறும் டிராயரோடு இருந்தான். சிரித்துக்கொண்டே ஏதாவது சொல்லப்போகிறான் என்றுதான் நினைத்தேன். 'கொழப்பமில்ல அம்மா' என்றால் எங்கே அறைந்துவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது.

"போ!" என்றான்.

"கௌசி..."

"போன்னு சொன்னேன்! எனக்கு அந்தப் பெரியப்பா வேண்டாம்! அந்தப் பெரியம்மா வேண்டாம்! எனக்குன்னா மட்டும் ஏன் யாரோ வரா? எனக்கு அப்பாதான் வேணும், நீதான் வேணும்! அண்ணாவோட வேண்டாம்! எனக்கு மட்டும்!" கத்தக் கத்த அவன் முகம் சிவந்து மூக்கு ஒழுகியது. ஒரு வாழைக்காயைப் பிய்த்து என் காலில் எறிந்தான். வலித்தது.

எனக்கு அழுகையும் வந்தது, சந்தோஷமும் வந்தது. ஒன்பது வருஷத்தில் என் பிள்ளை வாயைத் திறந்து கேட்ட முதல் விஷயம் அது. அவனைக் கட்டிக்கொள்ளப் போனேன். தள்ளிவிட்டான்.

"அண்ணாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன், போய்ட்டு வந்துடறேன்" என்றேன். "வரவரைக்கும் கோபத்தை விட்டுடாதே, கேட்டியா."

வாழைத்தாரிலிருந்து இன்னொரு காயைப் பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டான்.

கைலாஷின் பூணூல் குறையில்லாமல் நடந்தது. பட்டுக்குள் மூன்று பேரும் தலையைக் குனிந்து உட்கார்ந்தபோது அவன் தோள் என் தோளில் ஒட்டிக்கொண்டது. சுப்புவின் குரல் கம்மிப்போயிருந்தது. கைலாஷ் ஒவ்வொரு சொல்லாகத் திருப்பிச் சொன்னான், ஒரு பிசகும் இல்லை. அந்த நேரம் எனக்குக் கைலாஷைத் தவிர யாருமே நினைவில் இல்லை. அவனுக்கு நான் கொடுக்க வேண்டியதும் அதுதான். நான் முதல் பிட்சையாக அரிசியைப் போட்டபோது என்னைப் பார்த்துச் சிரித்தான்.

எல்லாம் முடிந்து பந்தி போட ஆரம்பித்ததும் சுப்பு எழுந்தார். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் பஞ்சகச்சத்தோடு சமையல்கட்டுப் பக்கம் நடந்தார். நானும் பின்னால் போனேன். கௌசிக் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தான். எல்லாப் பக்கமும் வாழைக்காய் சிதறிக் கிடந்தது.

"கௌசி, வாடா. அப்பாவோட சாப்பிடலாம்" என்றார் சுப்பு.

"என் நட்சத்திரம் என்ன?"

"ரேவதி."

"அது அம்மா இப்போ சொன்னதாக்கும். எத்தனாம் பாதம்?"

சுப்பு காலடியில் கிடந்த ஒரு வாழைக்காயைக் குனிந்து எடுத்தார்.

"எனக்கு எது கண்டா பயம்?"

"இருட்டு..." என்றார் சுப்பு.

"இருட்டு அண்ணாவுக்கு! என் கிளாஸ் டீச்சர் பேரு என்ன?"

சுப்புவின் முகத்தில் வியர்வை வழிந்தது. அவருக்குத் தெரியவில்லை. மூத்தவனின் எல்லா டீச்சர்களின் பெயரும் அவருக்குத் தெரியும், இரண்டு பேருடைய போன் நம்பர்கூடத் தெரியும். "நீயே சொல்லேன்டா" என்று கெஞ்சினார்.

"சொல்ல மாட்டேன்" என்றான் கௌசிக். "எல்லாம் தெரிஞ்சுண்டு வா. அப்புறம்தான் எனக்குப் பூணூல்."

சுப்பு திரும்பி என்னைப் பார்த்தார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. எனக்கு எல்லாம் தெரியும். ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை.